கேட்கப்படாத கேள்விகளும் ஒரு வைத்தியசாலையின் பணிப்பாளர் சபையும்

பிரித்தானியப் பிரதமராயிருந்த டேவிட் கமரோன் 2013 பெப்ரவரி 6 ஆம் திகதி பாராளுமன்றத்தில் எழுந்து அரசாங்கத்தின் சார்பிலும் நாட்டின் சார்பிலும் மன்னிப்புக் கோரினார். போர் ஒன்றுக்காகவோ காலனித்துவக் கொடுமை ஒன்றுக்காகவோ கோரப்பட்ட மன்னிப்பு அல்ல அது. இங்கிலாந்தின் மத்திய பகுதியிலுள்ள ஸ்டபோர்ட் என்ற நகரின் பொது வைத்தியசாலையில் 2005 தொடக்கம் 2009 வரை நோயாளர்களுக்கு நேர்ந்த கதிக்காகவே பிரதமர் தலைகுனிந்தார். ரொபர்ட் பிரான்சிஸ் என்ற மூத்த சட்டத்தரணியின் தலைமையிலான பகிரங்க விசாரணையின் அறிக்கை அன்றைய தினமே வெளியானது. அதில் 290 விதப்புரைகள் இருந்தன.

அந்த வைத்தியசாலையில் நடந்தவை பற்றிய சாட்சியங்களை வாசிப்பவர் எவரும் அவற்றை இலகுவில் மறந்துவிட முடியாது. வயோதிப நோயாளர்கள் மலசலத்தால் அசுத்தமான படுக்கை விரிப்புகளில் மணிக்கணக்கில் விடப்பட்டிருந்தனர். உணவும் தண்ணீரும் கைக்கு எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டன. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களின் நிலைமை எவ்வளவு பாரதூரமானது என்பதை மருத்துவப் பயிற்சி எதுவுமற்ற வரவேற்புப் பணியாளர்களே மதிப்பிட்டனர். கொடுக்கப்பட வேண்டிய மருந்துகள் கொடுக்கப்படவில்லை.

இத்தனைக்கும் அந்த வைத்தியசாலைக்கு ஒரு பணிப்பாளர் சபை இருந்தது. அதன் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. கூட்ட அறிக்கைகளும் முறையாக எழுதப்பட்டன. சபையின் ஆசனங்களில் ஏறத்தாழ அரைப்பங்கில், வைத்தியசாலையில் எந்த உத்தியோகமும் வகிக்காத வெளியாட்கள் அமர்ந்திருந்தனர். நிர்வாகத்தை நோக்கிப் பொதுமக்களின் சார்பில் கேள்வி கேட்பதற்கென்றே சட்டம் அவர்களை அங்கு அமர்த்தியிருந்தது. நிறைவேற்று அதிகாரமற்ற பணிப்பாளர்கள் என்பது அவர்களது பதவியின் பெயர்.

நிறைவேற்று அதிகாரம் என்ற சொற்றொடர் இலங்கையின் தமிழ் வாசகர்களுக்கு 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வந்த காலம் தொட்டே நன்கு பழக்கமானது. அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவரைப் பற்றியே நாம் எப்போதும் பேசி வந்திருக்கிறோம். அதிகாரத்தைப் பிரயோகிக்காமல், பிரயோகிப்பவரைக் கண்காணிக்கும் கடமையை மட்டும் ஏற்றவரின் நிலை என்ன என்பதும் ஆராயப்பட வேண்டியதே. அதற்கு இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையின் வரலாற்றை விடவும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

தொண்டர்களின் காலம்

தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5 ஆம் திகதி ஆரம்பிக்கப்பட்டது. அதற்கு முன்னர் இங்கிலாந்தின் வைத்தியசாலைகள் இரு வகையின. தருமப் பணத்தில் இயங்கிய தொண்டு வைத்தியசாலைகளை ஊர்ப் பிரமுகர்களைக் கொண்ட ஆளுநர் சபைகள் நிர்வகித்தன. மற்றையவை உள்ளூராட்சிச் சபைகளின் பொறுப்பில் இருந்தன. இவற்றை அரசுடைமையாக்குவதென அன்றைய சுகாதார அமைச்சர் அனியூரின் பெவன் தீர்மானித்தபோது அமைச்சரவையிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. வைத்தியசாலைகள் மக்களால் தெரிவு செய்யப்பட்ட உள்ளூராட்சிச் சபைகளின் கையிலேயே இருக்க வேண்டும் என்று ஹேர்பர்ட் மொரிசன் வாதிட்டார். பெவன் வென்றார். வைத்தியசாலைகள் மத்திய அரசாங்கத்திற்குச் சொந்தமாயின. அவற்றின் நிர்வாகம், நியமனம் பெற்ற பிராந்திய சபைகளிடமும் முகாமைத்துவக் குழுக்களிடமும் ஒப்படைக்கப்பட்டது.

அன்று எடுக்கப்பட்ட அந்தத் தீர்மானத்தின் விளைவை இன்று வரை காணலாம். வைத்தியசாலையைப் பயன்படுத்தும் மக்கள் அதன் நிர்வாகிகளை வாக்களித்து நீக்க முடியாது. அவ்வாறாயின் நிர்வாகிகளைக் கேள்வி கேட்பவர் யார்? அமைச்சர் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்வார் என்பது கோட்பாட்டளவிலான விடை. நாடெங்கும் பரந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான வைத்தியசாலை விடுதிகளில் நடப்பவற்றுக்கு லண்டனிலிருக்கும் ஓர் அமைச்சர் எவ்வாறு பதில் சொல்ல முடியும் என்பதே நடைமுறைப் பிரச்சினை. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு, ஊதியம் எதுவும் பெறாமல் அக்குழுக்களில் பணியாற்றிய உள்ளூர்ப் பிரமுகர்களிடம் விடப்பட்டது. அவர்களில் வர்த்தகர்கள், தொழிற்சங்கவாதிகள், உள்ளூராட்சி உறுப்பினர்கள், வைத்தியர்கள் எனப் பலரும் இருந்தனர்.

1974 ஆம் ஆண்டின் மறுசீரமைப்பில் பிராந்திய, பிரதேச சுகாதார அதிகார சபைகள் உருவாகின. அவற்றில் உள்ளூராட்சிச் சபைகளின் பிரதிநிதிகளுக்கும் இடம் வழங்கப்பட்டது. நோயாளர்களின் குரலாகச் செயற்படுவதற்குச் சமூக சுகாதார மன்றங்கள் என்ற தனி அமைப்புகளும் அதே ஆண்டில் தோன்றின.

வர்த்தக உலகின் வருகை

பிரதமர் மார்கரட் தட்சரின் அரசாங்கம் 1983 இல் ரோய் கிரிபித்ஸ் என்பவரிடம் சுகாதார சேவையின் முகாமைத்துவத்தை ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தது. அவர் செயின்ஸ்பரி என்ற பிரபல பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் உயரதிகாரி. அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் சமர்ப்பித்தது இருபத்தைந்து பக்கங்களுக்கும் குறைவான ஒரு கடிதமே. எனினும் நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கொண்ட பல அறிக்கைகள் சாதிக்காததை அது சாதித்தது. சுகாதார சேவையில் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டறிய முடியாதிருக்கிறது என்பதே அவரது பிரதான குற்றச்சாட்டு. அதன் விளைவாக ஒவ்வொரு மட்டத்திலும் பொது முகாமையாளர்கள் நியமிக்கப்பட்டனர்.

அதிகாரம் ஒருவரிடம் குவிந்தால் அவரைக் கண்காணிக்க ஒருவர் தேவைப்படுவார். கென்னத் கிளார்க் சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில் 1989 இல் வெள்ளை அறிக்கையொன்று வெளியிடப்பட்டு, 1990 ஆம் ஆண்டின் சட்டமாக நிறைவேறியது. 1991 ஏப்ரல் 1 ஆம் திகதி முதலாவது தொகுதியாக 57 வைத்தியசாலை அமைப்புகள் 'ட்ரஸ்ட்' என்ற பெயரில் சுயாட்சி பெற்றன. ஒவ்வொன்றுக்கும் வர்த்தகக் கம்பனிகளின் பாணியில் ஒரு பணிப்பாளர் சபை அமைக்கப்பட்டது. ஒரு தலைவர், ஐவர் வரையிலான நிறைவேற்றுப் பணிப்பாளர்கள், ஐவர் வரையிலான நிறைவேற்று அதிகாரமற்ற பணிப்பாளர்கள் என்பது அதன் கட்டமைப்பு. சுகாதார அதிகார சபைகளில் உள்ளூராட்சி மன்றங்களுக்கு இருந்துவந்த பிரதிநிதித்துவ உரிமை அச்சட்டத்துடன் இல்லாமல் போயிற்று.

இக்கட்டமைப்பின் உள்ளே ஒரு முரண்பாடு பொதிந்திருந்தது. நிர்வாகம் செய்பவர்களும் கண்காணிப்பவர்களும் ஒரே சபையில் சமமாக அமர்ந்து, எடுக்கப்படும் தீர்மானங்களுக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும். மாதத்தில் ஓரிரு நாட்கள் மாத்திரம் வந்து போகும் வெளியாள், நாள் முழுவதும் அங்கேயே பணியாற்றும் அதிகாரிகளைக் கண்காணிக்க வேண்டும். கண்காணிப்பதற்குத் தேவையான தகவல்களையும் அந்த அதிகாரிகளிடமிருந்தே பெற வேண்டும்.

கம்பனி உலகிலும் இதே பிரச்சினை இருந்தது. பத்திரிகை அதிபர் ரொபர்ட் மக்ஸ்வெல்லின் மரணத்துக்குப் பின்னர் அம்பலமான ஓய்வூதிய நிதி மோசடியும் பி.சி.சி.ஐ. வங்கியின் வீழ்ச்சியும் பிரித்தானிய வர்த்தக உலகை உலுக்கியிருந்த வேளையில், 1992 டிசம்பரில் சேர் ஏட்ரியன் கட்பரியின் அறிக்கை வெளியானது. சுயாதீனமான வெளிப் பணிப்பாளர்கள் கணக்காய்வுக் குழுவில் அமர்ந்து நிர்வாகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அது வலியுறுத்தியது. இதனைப் பின்பற்றி 1994 இல் தேசிய சுகாதார சேவையின் சபைகளுக்கும் ஒழுக்கக் கோவையும் பொறுப்புக்கூறல் கோவையும் வழங்கப்பட்டன.

ஆனால், கட்பரி கவலைப்பட்டது பணத்தைப் பற்றி. பணம் களவு போவதைத் தடுப்பதற்கென வகுக்கப்பட்ட முறையொன்று வைத்தியசாலைக்குள் கொண்டுவரப்பட்டபோது, அதனுடன் பணத்தைப் பார்க்கும் கண்ணும் சேர்ந்தே வந்தது. வரவையும் செலவையும் சமப்படுத்த வேண்டிய சட்டக் கடமை ட்ரஸ்ட்களுக்கு இருந்தது. சிகிச்சையின் தரத்தைப் பொறுத்தவரை அத்தகைய சட்டக் கடமை எதுவும் 1999 ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் வரும் வரையில் இருக்கவில்லை.

நியமனங்களிலும் அரசியல் புகுந்தது. ஆளும் கட்சிக்கு வேண்டியவர்கள் சபைகளில் நிரப்பப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1990 களின் நடுப்பகுதியில் பலமாக எழுந்தது. பொது வாழ்வின் ஒழுக்க நியமங்கள் பற்றிய நோலன் பிரபுவின் குழு 1995 இல் இது குறித்து ஆராய்ந்ததை அடுத்து, பொது நியமனங்களுக்கான ஆணையாளர் பதவி உருவாக்கப்பட்டது. சுகாதார சேவைக்கென 2001 இல் தனியான நியமன ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. அது 2012 இல் கலைக்கப்பட்டது.

பிரிஸ்டல் விடுத்த எச்சரிக்கை

பிரிஸ்டல் நகர வைத்தியசாலையில் குழந்தைகளுக்கான இருதய சத்திரசிகிச்சை பற்றிய விசாரணையே முதலாவது பெரிய எச்சரிக்கை. பேராசிரியர் இயன் கென்னடியின் அறிக்கை 2001 ஜூலையில் வெளியானது. 1991 க்கும் 1995 க்கும் இடையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், இதே வகையான ஏனைய பிரிவுகளில் எதிர்பார்க்கக்கூடியதை விட 30 முதல் 35 வரையான மரணங்கள் அங்கு அதிகமாக நிகழ்ந்தன என்று அது கண்டறிந்தது. ஸ்டீபன் பொல்சின் என்ற மயக்க மருந்து நிபுணர் ஆரம்பத்திலிருந்தே எச்சரித்து வந்தார். அவரது குரலுக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை. பின்னர் அவர் அவுஸ்திரேலியாவுக்குச் சென்று குடியேறினார்.

சிகிச்சையின் தரத்தைக் கண்காணிப்பது எவருடைய பொறுப்பு என்பதே அங்கு தெளிவாக இருக்கவில்லை. அதிகாரம் ஒரு சிறு வட்டத்தினரின் கைகளில் முடங்கியிருந்தது. இத்தகைய சூழலில், வெளியிலிருந்து வரும் பணிப்பாளர் ஒருவருக்கு எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதே தெரிந்திராது. மருத்துவம் வைத்தியர்களின் விடயம் என்று ஒதுங்கிக் கொள்வதே மரியாதை என்று கருதப்பட்ட காலம் அது.

ஸ்டபோர்டில் நடந்தது

ரொனி பிளேயரின் தொழிற் கட்சி அரசாங்கம் 2003 இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ், திறமையாகச் செயற்படும் வைத்தியசாலைகளுக்கு 'பவுண்டேஷன் ட்ரஸ்ட்' என்ற உயர் அந்தஸ்து வழங்கப்பட்டது. 2004 ஏப்ரலில் முதல் பத்து வைத்தியசாலை அமைப்புகள் அதைப் பெற்றன. அமைச்சின் நேரடிக் கட்டுப்பாட்டிலிருந்து அவை விடுபடலாம். உள்ளூர் உறுப்பினர்களால் தெரிவு செய்யப்படும் ஆளுநர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட சபை, தலைவரையும் வெளிப் பணிப்பாளர்களையும் நியமிக்கலாம். அந்தஸ்தைப் பெறுவதற்கு நிதி நிலைமை ஆரோக்கியமாக இருப்பதை நிரூபிக்க வேண்டும்.

ஸ்டபோர்ட் வைத்தியசாலையை நடத்திய மிட் ஸ்டபோர்ட்ஷயர் ட்ரஸ்டும் இந்த அந்தஸ்தை நாடியது. 2006-07 நிதியாண்டில் ஒரு கோடி பவுண்களைச் சேமிப்பதென அதன் சபை இலக்கு நிர்ணயித்தது. 150 க்கும் அதிகமான பதவிகள் குறைக்கப்பட்டன. ஏற்கனவே தாதியர் பற்றாக்குறை நிலவிய வைத்தியசாலை அது. பதவிகளைக் குறைப்பதால் நோயாளர்களுக்கு என்ன நேரும் என்பது போதியளவு ஆராயப்படாமலேயே இத்தீர்மானம் நிறைவேறியது. 'விடுதியில் இரவு நேரத்தில் எத்தனை தாதியர் இருப்பார்கள்?' என்ற ஒரேயொரு கேள்விக்கு சபையின் முன் உண்மையான விடை வைக்கப்பட்டிருந்தால் பலருடைய கதி வேறாக இருந்திருக்கும்.

2007 இல் வெளியான ஒப்பீட்டுத் தரவுகள் இந்த வைத்தியசாலையின் மரண வீதம் எதிர்பார்க்கப்படும் அளவை விடக் கணிசமாகக் கூடுதலாக இருப்பதைக் காட்டின. நோய்களைப் பதிவேட்டில் குறியீடு செய்த முறையிலுள்ள தவறே இதற்குக் காரணம் என்று நிர்வாகம் விளக்கம் அளித்தது. அந்த விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மனதுக்கு ஆறுதல் தரும் விளக்கம் ஒன்று கிடைத்துவிட்டால் அதற்கு மேல் துருவிப் பார்ப்பதற்கு எவரும் விரும்புவதில்லை. வைத்தியசாலை 2008 பெப்ரவரி 1 ஆம் திகதி உயர் அந்தஸ்தைப் பெற்றுக்கொண்டது. மறு மாதமே, மரண வீதம் குறித்துச் சந்தேகம் கொண்ட சுகாதாரப் பராமரிப்பு ஆணைக்குழு அங்கு விசாரணையை ஆரம்பித்தது. அரசின் ஒரு நிறுவனம் பாராட்டுப் பத்திரம் வழங்கிய அதே வேளையில் இன்னொரு நிறுவனம் மரணங்களை எண்ணிக் கொண்டிருந்தது.

ஆணைக்குழுவின் அறிக்கை 2009 மார்ச்சில் வெளியானது. தலைவரும் பிரதம நிறைவேற்று அதிகாரியும் அதற்கு முன்னரே பதவிகளிலிருந்து விலகிவிட்டனர். தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் 400 இலிருந்து 1,200 வரை இருக்கலாம் என்று அன்று பத்திரிகைகள் எழுதின. அந்த எண்ணிக்கை இறுதி அறிக்கையில் இடம்பெறவில்லை என்பதையும், புள்ளிவிபரங்களிலிருந்து அவ்வாறு கணக்கிடுவது பாதுகாப்பானதல்ல என்று பிரான்சிஸ் கருதினார் என்பதையும் இங்கு பதிவு செய்வது அவசியம். எண்ணிக்கை பற்றிய சர்ச்சை, துன்பத்தின் உண்மையை எவ்விதத்திலும் குறைத்துவிடவில்லை.

பிரான்சிஸ் நடத்திய இரு விசாரணைகளிலும், 2010 இலும் 2013 இலும், பணிப்பாளர் சபை பற்றி வெளிவந்த உண்மைகளே எமது தலைப்புக்கு முக்கியமானவை. கொள்கையும் மூலோபாயமும் சபையின் வேலை, அன்றாடக் காரியங்கள் நிர்வாகத்தின் வேலை என்ற பிரிகோட்டின் பின்னால் பணிப்பாளர்கள் மறைந்து கொண்டனர். நோயாளர்களின் முறைப்பாடுகள் அன்றாடக் காரியமாகவே கருதப்பட்டன. முறைப்பாட்டை எழுதியவரின் வேதனை சபையின் மேசையை அடைவதற்கிடையில் ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது.

வெளிப் பணிப்பாளர்களை அயோக்கியர்கள் என்று எவரும் கூறவில்லை. அவர்கள் பணம் திருடவில்லை, இலஞ்சம் வாங்கவில்லை. தமக்கு அனுப்பப்பட்ட ஆவணங்களை வாசித்தார்கள், கூட்டங்களுக்கு வந்தார்கள். பிரச்சினையே அங்குதான் இருக்கிறது. அவர்கள் அறிந்திருந்த வைத்தியசாலை காகிதத்தில் இருந்தது. நோயாளர்கள் படுத்திருந்த வைத்தியசாலை அதே கட்டிடத்தின் வேறு மாடிகளில் இருந்தது.

உண்மையை வெளிக்கொண்டு வந்தவர்கள் சபைக்கு வெளியிலேயே இருந்தார்கள். 2007 நவம்பரில் இந்த வைத்தியசாலையில் தாயாரை இழந்த ஜூலி பெய்லி என்ற பெண்மணி, நகரில் தான் நடத்திவந்த சிற்றுண்டிச்சாலையில் பாதிக்கப்பட்ட ஏனைய குடும்பங்களை ஒன்றுகூட்டி ஓர் இயக்கத்தை ஆரம்பித்தார். 'எக்ஸ்பிரஸ் அன்ட் ஸ்டார்' என்ற பிராந்தியப் பத்திரிகையின் செய்தியாளர் ஷோன் லின்ரேன் இவர்களது கதைகளைத் தொடர்ச்சியாக எழுதினார். பகிரங்க விசாரணை வேண்டும் என்ற கோரிக்கை இவ்வாறே வலுப்பெற்று, 2010 ஜூனில் அது அறிவிக்கப்பட்டது. தமது வைத்தியசாலை மூடப்பட்டு விடுமோ என்று அஞ்சிய நகரவாசிகள் சிலரின் பகைமைக்கு ஆளாகி, இறுதியில் ஜூலி பெய்லி அந்நகரை விட்டே வெளியேற நேர்ந்தது. பணிப்பாளர்கள் சம்பளம் பெற்றுக்கொண்டு கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைச் சாதாரண பிரஜை ஒருவர் தனது நிம்மதியை விலையாகக் கொடுத்துக் கேட்டார் என்பதே இதன் அர்த்தம்.

அந்த ட்ரஸ்ட் 2014 நவம்பரில் கலைக்கப்பட்டது. வைத்தியசாலை பெயர் மாற்றப்பட்டு அயல் ட்ரஸ்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதன் பின்னர்

சீர்திருத்தங்கள் வராமல் இல்லை. பவுண்டேஷன் ட்ரஸ்ட்களின் சபைகள் பகிரங்கமாகக் கூட வேண்டும் என்று 2012 ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. 2014 நவம்பரில் பணிப்பாளர்கள் தகுதியும் பொருத்தமும் உடையவர்களாக இருக்க வேண்டும் என்ற விதியும், தவறு நேர்ந்தால் அதை நோயாளருக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்ற கடமையும் நடைமுறைக்கு வந்தன. நோயாளர் ஒருவரின் அனுபவத்தைக் கேட்பதுடன் கூட்டத்தை ஆரம்பிக்கும் வழக்கம் பல சபைகளில் ஏற்பட்டது. வெளிப் பணிப்பாளர்கள் விடுதிகளுக்கு நேரில் செல்லத் தொடங்கினர். அவர்களுக்கான ஊதியம் 2019 இல் வகுக்கப்பட்ட முறையின்படி ஆண்டுக்கு 13,000 பவுண் என்ற பொது அளவுக்குக் கொண்டுவரப்பட்டது.

ஆனாலும் ஸ்டபோர்டுடன் கதை முடிந்துவிடவில்லை. மோர்கம் பே ட்ரஸ்டின் மகப்பேற்றுப் பிரிவு பற்றிய பில் கேர்க்கப்பின் அறிக்கை 2015 மார்ச்சில் வெளியானது. 11 குழந்தைகளினதும் ஒரு தாயினதும் மரணங்கள் தவிர்த்திருக்கக்கூடியவை என்று அது கூறியது. ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்ட் வைத்தியசாலைகள் பற்றிய டொனா ஒக்கென்டனின் இறுதி அறிக்கை 2022 மார்ச்சில் வந்தது. முறையான பராமரிப்புக் கிடைத்திருந்தால் 201 குழந்தைகளும் 9 தாய்மாரும் உயிர் பிழைத்திருக்கக்கூடும் என்பது அதன் முடிவு. தலைமையும் சபையும் அடிக்கடி மாறியதால் பழைய எச்சரிக்கைகள் நினைவில் நிற்காமல் போனதையும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது.

தகுதி விதியை ஆராய்ந்த டொம் கார்க், பாரதூரமான தவறிழைத்த பணிப்பாளர்கள் ஓரிடத்திலிருந்து விலகி இன்னோரிடத்தில் பதவி பெறுவதைத் தடுக்கும் அதிகாரம் கொண்ட அமைப்பொன்று தேவை என்று 2019 இல் விதந்துரைத்தார். அது உடனடியாக ஏற்கப்படவில்லை. உண்மையைச் சொல்லும் ஊழியர்களின் வாயை அடைக்கும் முகாமையாளர்களைத் தடை செய்யப் போவதாக அரசாங்கம் 2025 ஜூலையில் அறிவித்தது. அதே மாதத்தில் வெளியான பத்தாண்டுத் திட்டம், பவுண்டேஷன் ட்ரஸ்ட்களில் ஆளுநர்கள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்க உத்தேசித்தது. வெளிப் பணிப்பாளர்களைத் தட்டிக் கேட்பதற்கு இருந்த ஓர் உள்ளூர் ஏற்பாடும் இல்லாமல் போவதற்கே அது வழிவகுக்கும் என்பது எமது அபிப்பிராயம்.

இந்த வரலாற்றில் ஒரு விடயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. வெளிப் பணிப்பாளர்களுக்கு அதிகாரம் போதாமல் இருந்ததால் மாத்திரம் எந்த அனர்த்தமும் நேரவில்லை. பிரதம நிறைவேற்று அதிகாரியை நியமிக்கவும் நீக்கவும் அவர்களால் முடிந்தது. எந்த ஆவணத்தையும் கேட்டுப் பெறவும், எந்த விடுதிக்கும் செல்லவும் அவர்களுக்குத் தடை இருக்கவில்லை. தமக்குச் சொல்லப்பட்டதை மாத்திரம் கேட்டுக்கொண்டிருப்பதே கடமை என்று அவர்கள் நம்பியதுதான் தவறு. பணிப்பாளர் ஒருவர் வைத்தியருக்கு மருத்துவம் கற்பிக்க வேண்டியதில்லை. நிர்வாகியின் கதிரையில் தானே ஏறி அமரவும் கூடாது. ஆனால், நிர்வாகம் தந்த விடை சரியா என்று தாதியிடமும் நோயாளரிடமும் விசாரிப்பது நிர்வாகத்தில் தலையிடுவதாகாது. அதற்காகவே அவருக்கு அந்த ஆசனம் தரப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் வாழும் எம்மவர்களில் பெருந்தொகையானோர் இந்தச் சேவையில் வைத்தியர்களாகவும் தாதியராகவும் பணியாற்றுகின்றனர். முதுமையடைந்துவிட்ட எமது பெற்றோர் தலைமுறையினர் அதே விடுதிகளில் படுக்கையில் இருக்கின்றனர். ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதத் தெரியாதவர்கள் அவர்களில் பலர். சபைக் கூட்டங்களில் எவரும் பார்வையாளராக அமரலாம். ஆவணங்களை இணையத்தில் வாசிக்கலாம். வெளிப் பணிப்பாளர் பதவிகளுக்குப் பகிரங்கமாகவே விண்ணப்பம் கோரப்படுகின்றது. கோயில் நிர்வாக சபைகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் போட்டியிடுவதில் காட்டப்படும் ஆர்வத்தில் ஒரு பகுதி இந்தப் பக்கம் திரும்புமானால் அது வீண்போகாது.

ஸ்டபோர்டில் தண்ணீர்க் குவளை நோயாளரின் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதை நகர்த்தி வைப்பது பணிப்பாளரின் வேலையல்ல. அது ஏன் அங்கு இருக்கிறது என்று கேட்பது அவருடைய வேலை.